கோஸில் செடிப்பேன்: டேங்க்கைத் தூக்கும் முன் இலையைத் திருப்புங்கள்

“முட்டைக்கோஸில் அசுவினி. மூன்று மருந்து மாற்றி மாற்றி அடித்தாயிற்று. போகவில்லை. அடுத்து எதை அடிக்கலாம்?”

மார்கழியில் தொடங்கி மாசி முடியும்வரை, கோஸ் போடும் ஊர்களிலிருந்து இந்தக் கேள்வி தவறாமல் வரும். எதை அடிப்பது என்றுதான் கேட்பார்கள். எத்தனை டேங்க் அடித்தார்கள், தண்ணீர் இலையின் எந்தப் பக்கம் விழுந்தது, அறுவடைக்கு எத்தனை நாள் பாக்கி என்பதெல்லாம் கடிதத்தில் இருக்காது.

ஈரோடு மாவட்டம் தாளவாடி மலையில், சொட்டுநீரில் ஒரு ஏக்கர் கோஸ் போட்ட குடும்பம் ஒன்றுக்கும் இதே கதைதான். கார்த்திகை முதல் வாரத்தில் நடவு. முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் வரப்போரச் செடிகளில் சாம்பல் பூசினாற்போலக் கூட்டம் கூட்டமாகச் செடிப்பேன் தெரிந்தது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கென்று வாங்கி வைத்திருந்த செயற்கை பைரித்ராய்டு மருந்து வீட்டில் மீதி இருந்தது. அதையே அடித்தார் வீட்டுக்காரர். நாலு நாள் இலை சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் வயல் நடுவிலும் பேன். உரக்கடையில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். பிறகு மூன்றாவதாக ஒன்று. அதற்குள் செடி கோஸ் கட்டத் தொடங்கிவிட்டது.

எழுபத்தைந்தாம் நாள் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, ஐந்து நாளில் வெட்டு என்று சொல்லி முன்பணம் கொடுத்துப் போனார். சங்கத்தில் வைத்த நகைக்குத் தை கடைசிக்குள் வட்டி கட்டியாக வேண்டும். பேனோடு போனால் மண்டியில் விலையைக் குறைப்பார்கள். கடைக்காரர் நாலாவதாக ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, “இதை அடிங்கண்ணா, நாளைக்கே தெளிஞ்சிரும்” என்றார். அந்த மருந்துக்குக் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டியது ஏழு நாள். வெட்டுக்கு இருந்ததோ ஐந்து நாள்.

அந்த வயலின் கிணற்றோரத்தில் நாலு வரிசை தனியாக இருந்தது. வீட்டுக்கும், கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கும் என்று அந்தம்மா முதலிலேயே ஒதுக்கியது. அதில் ஒரு தடவைகூட மருந்து விழவில்லை. பல ஊர்களில் இந்தப் பழக்கம் உண்டு. சந்தைக்குப் போவதில் மருந்து தங்கும் என்பது விவசாயிக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், இந்த நாலு வரிசையைக் காட்டினால் போதும்.

பாட்டிலோடு அவர் வயலுக்கு வந்தபோது அந்தம்மா கிணற்றோரத்தில் குனிந்து நின்றிருந்தார்.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க. மருந்தே அடிக்காத வரிசையில பேன் கம்மியா இருக்குதுங்க.”

“மேலாப்புல பாத்துட்டுச் சொல்லாத புள்ள. உள்ள எலையத் திருப்பு.”

திருப்பினார்கள். பேன் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதி உப்பி, பழுப்பு நிறத்தில் காய்ந்து, இலையோடு ஒட்டிக் கிடந்தது. சிலவற்றின் முதுகில் ஊசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை. அது ஒரு சின்னக் குளவியின் வேலை. உயிரோடிருக்கும் பேனுக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்திலேயே பொறிவண்டின் கறுத்த, முதலை போன்ற இளம்புழு மேய்ந்துகொண்டிருந்தது. கால் இல்லாத பச்சைப் புழு ஒன்றும் இருந்தது. சிர்பிட் ஈயின் புழு அது. அதைக் கோஸ் தின்னும் புழு என்று நினைத்தே பல பேர் டேங்க்கை எடுக்கிறார்கள்.

மருந்தடித்த பக்கம் இவை ஒன்றுமே இல்லை. முதலில் அடித்த பைரித்ராய்டு பேனில் பாதியைக் கொன்றிருக்கலாம், ஆனால் பேனைத் தின்ன வந்தவற்றை முழுக்கத் துடைத்துவிட்டது. செடிப்பேனில் பெண், ஆணோடு சேராமலேயே குஞ்சு போடும். முட்டைகூட இல்லை, நேராகக் குஞ்சு. அது ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். தப்பித்த நூறு பேன் மாதத்துக்குள் வயலை மூட இதுவே போதும். பொறிவண்டு அந்த வேகத்தில் திரும்பி வராது.

அடித்த விதத்திலும் கோளாறு இருந்தது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் பதினாறு லிட்டர் டேங்க்கில் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் வரும். அவர் ஆறு டேங்க்கில் முடித்திருந்தார், ஆள் கூலியும் நேரமும் மிச்சம் என்று. கோஸ் இலையில் மெழுகு உண்டு, பேனின் உடம்பிலும் மெழுகுத்தூள் உண்டு. வெறும் தண்ணீரில் கலந்த மருந்து தாமரை இலையில் விழுந்த மழைபோல உருண்டு மண்ணுக்குப் போய்விடும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை முதல் ஒரு மில்லி சேர்க்க வேண்டும். நாசிலை இலைக்குக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் வெறும் தண்ணீரை நிரப்பி நாலு செடிக்கு அடித்து இலையைத் திருப்பிப் பார்க்கலாம். அடிப்பக்கம் காய்ந்திருந்தால் எந்தக் கம்பெனி மருந்தும் அப்படித்தான் போயிருக்கும்.

நாலாவது பாட்டில் திறக்கப்படவில்லை. கோஸ் மூடிக்கொண்ட பிறகு உள்மடிப்பில் இருக்கும் பேனை எந்தத் தெளிப்பும் எட்டாது, அடித்தாலும் வீண்தான். அடித்திருந்தால் நஞ்சு போயிருப்பது மேட்டுப்பாளையம் மண்டி வழியாக யார் வீட்டுக் குழம்புக்கோ. மூன்றாவது தெளிப்பு நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்ததால் சொன்ன தேதியில் வெட்டினார்கள். பேன் பெரும்பாலும் வெளி இலைகளில் இருந்ததால், இரண்டு மூன்று இலையை உரித்துவிட்டு மூட்டை பிடித்தார்கள். எடை குறைந்தது. உள்ளே பேன் ஏறியதை வியாபாரி ஒதுக்கிவிட்டார். வட்டிக்குச் சரியாக வந்தது, கைக்கு மிச்சமில்லை. கடையில் மூன்று மருந்துக்குப் போன பணத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் அவருக்கு வயிறு எரிந்தது.

மருந்தே கூடாது என்று சொல்வது சுலபம். வறண்ட பனிக்காலத்தில் பேன் ஏறும் வேகத்துக்குச் சில சமயம் மருந்து வேண்டித்தான் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் பாதிக் கூட்டம் கழுவிப்போகும், ஆனால் தை மாசியில் மழையை நம்ப முடியாது. அடிப்பதானால் கோஸ் மூடுவதற்கு முன் அடிக்க வேண்டும். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை, வரப்போரம் நடு என்று இருபது செடியின் இலையைத் திருப்பினால் போதும். பேன் முதலில் திட்டுத் திட்டாகத்தான் வரும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டு, அந்தத் திட்டுக்கு மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்து மாலையில் அடிக்க வேண்டும். இது இளம் பேனில்தான் நன்றாக வேலை செய்யும். வயல் முழுக்க ஏறிய பிறகு இதை அடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அதற்கும் அடங்காமல் பரவினால், கோஸில் அசுவினிக்கென்று பதிவான ஊடுருவும் மருந்து ஒன்றை ஒரு முறை அடிக்கலாம். அசிட்டாமிப்ரிட் 20 எஸ்.பி. என்றால் ஏக்கருக்கு 30 கிராம், கடைசித் தெளிப்புக்குப் பிறகு 7 நாள் கழித்துத்தான் வெட்டு. வாங்கும்போது லேபிளில் பயிர் பெயரும் காத்திருப்பு நாளும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கண்ணாடி மறந்திருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலப்பதை விட்டுவிடுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்குப் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. இன்னும் யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

யூரியாவும் ஒரு காரணம். கரும்பச்சையாகச் செழித்து நிற்கும் வயலைத்தான் பேன் முதலில் பிடிக்கும். அந்தத் தாளவாடி வயலில் சொட்டுநீர் வழியாகத் தேவைக்கு மேலேயே யூரியா போயிருந்தது.

இந்த முறை அவர்கள் நடவுக்குப் பதினைந்து நாள் முன்பே, இருபத்தைந்து வரிசைக்கு ஒரு வரிசை வீதம் கடுகு தூவிவிட்டார்கள். அந்துப்பூச்சியும் செடிப்பேனும் கடுகைத்தான் முதலில் தேடிப் போகும். அங்கே கூட்டம் சேர்ந்ததும் அந்த வரிசைக்கு மட்டும் மருந்து. கடுகு பூத்துவிட்டால் தேனீ வரும், அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் அடிப்பது என்று வைத்திருக்கிறார்கள். போன பயிரின் கோஸ் கட்டைகளையும் வெட்டு முடிந்த வாரமே பிடுங்கி உழுதுவிட்டார்கள். பக்கத்துக் காட்டில் மட்டும் பழைய கட்டை துளிர்விட்டு, துளிரெல்லாம் பேனாக நிற்கிறது. உழவு ஓட்டச் சொல்லி அந்தம்மா அங்கே இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.