தாத்தா தேர்ந்த கருவிகள்

சென்ற கோடை விடுமுறையில் அக்காள் தங்கை நாங்கள் இருவரும் தச்சுக் கருவிகள் வாங்கிய கதையைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் தாத்தா ஐம்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகத் தம் கருவிப் பெட்டியை விற்றுவிட்டார். இப்போது அவர் கைகள் நடுங்குகின்றன. பெட்டியைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. எங்களுக்குச் சிறு எழுதுமேசை வேண்டும் என்று சாக்குச் சொல்லி, உண்டியலில் சேர்த்த 4,000 ரூபாயுடன் அவரைக் கடைக்கு அழைத்துச் சென்றோம்.

கடைக்காரர் முதலில் மின்சார ரம்பத்தைக் காட்டினார். எங்களுக்கும் ஆசைதான். தாத்தாவோ, "கோடு தப்பாகப் போட்டால் அது தப்பையும் சீக்கிரமாக அறுத்துவிடும், அம்மாடி" என்றார்.

பிறகு ஒரு மூலைமட்டத்தை எடுத்தார். பலகையின் நேரான விளிம்பில் அதை வைத்துக் கோடு போட்டார். அதைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மறுபடியும் போட்டார். இரு கோடுகளும் ஒன்றாகப் படிந்தால்தான் அது சரியான 90 பாகை. முதல் மட்டம் தோற்றது, இரண்டாவது வென்றது. அடுத்து ஒரு கைரம்பம், 12 மற்றும் 25 மில்லிமீட்டர் அகல உளிகள், இழைப்புளி, தீட்டுகல். "கல் வாங்காதவன் பாதி உளிதான் வாங்கினான்" என்று சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது!

மின்கருவிகளில் துளைக்கருவி ஒன்றை மட்டும் அனுமதித்தார். அது துளையும் இடும். வேகத்தைக் குறைத்தால் திருகாணியும் முடுக்கும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பின்னலை முடிந்துகொள்ள வேண்டும். துப்பட்டாவும் கையுறையும் கூடாது. சுழலும் அலகு அவற்றைப் பற்றி இழுத்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். அலகு மாற்றுமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும்.

முதல் நாள் நாங்கள் இழைத்தபோது பலகை சிலும்பு சிலும்பாகப் பிய்ந்தது. தாத்தா அதைத் திருப்பிப் போட்டு, "இழை போகும் போக்கிலே தள்ளுங்கள்" என்று எங்கள் கைகளின்மேல் தம் கையை வைத்தார். அவர் கை நடுங்கவில்லை என்று சொல்லமாட்டோம். ஆனாலும் இழைப்புளி நேராகவே சென்றது. சீவல் சுருள் சுருளாக எழுந்தது.

எங்கள் மேசைக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அடியில் அட்டை வைத்திருக்கிறோம். புதிய கருவிப் பெட்டி தாத்தாவின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் இப்போது நாங்கள் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்!