இரண்டாவது காட்சி

பதினான்கு வருஷ காலம் நான் கண்ணாடி பாராமலே தலை வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன் என்றால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ! என் கணவர் காலமானபோது எனக்கு வயது 29. சிவகிரியில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு அப்பால் மேற்கு மலை தெரியும் வீட்டில், தாயாரோடு வசித்து வருகிறேன். ஊரார் என்னை இழிவாக நடத்தினார்கள் என்று சொன்னால் அது பொய். பூ வைத்துக்கொள்ளாதே என்று ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்தவள் நானேதான்.

சென்ற வருஷம் வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. பாளையங்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்தவர் எழுதியிருந்தார். அந்நாளில் அவர் மனத்தில் இருந்தது எனக்குத் தெரியும். என் மனத்தில் இருந்தது அவருக்கும் தெரியும். இருவரும் வாய் திறவாமல் பரீட்சை எழுதிவிட்டு ஊர் திரும்பினோம். இப்போது அவரும் மனைவியை இழந்தவர். "அன்று கேளாமல் விட்டதை இன்றும் கேளாமல் விட எனக்கு மனமில்லை" என்று முடித்திருந்தார்.

நான் சரித்திர ஆசிரியை. விதவைகளின் மறுவிவாகத்தை அனுமதித்த 1856-ம் வருஷத்துச் சட்டம், மணந்துகொண்டவள் முதற் கணவனின் சொத்தைப் பொறுத்தமட்டில் இறந்துவிட்டவளுக்குச் சமானம் என்று விதித்ததை வகுப்பில் சொல்வதுண்டு. 1889-ல் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையாகிவிட்ட தம் சிறு மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்து வைத்ததையும், அதனால் சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டதையும் உணர்ச்சியோடு வர்ணிப்பேன். அந்த ஆனியில் ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பொண்ணுக்கு இஷ்டமா, டீச்சர்?" என்றாள். என் வாய் அடைத்துவிட்டது. பாரதியார் முடிக்காமல் விட்டுப்போன 'சந்திரிகையின் கதை'யில், விதவையான விசாலாட்சி தானே அந்த ஐயரின் உதவியை நாடுகிறாள். தனக்கு வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. எனக்கோ, கடையில் புடைவை எடுத்தாலும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் நிறம் சொல்லத் தெரியும்.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "ஊர் என்ன சொல்லும் அம்மா?" என்றேன்.

"ஊரை விடு ஏட்டி. நீ என்ன சொல்லுத?"

அதற்கும் பதில் இல்லை. சரி என்று உடனே எழுதியிருந்தால் அது நன்றியாக இருந்திருக்கும். வேண்டாம் என்று எழுதியிருந்தால் வெறும் பழக்கம்.

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போனோம். எத்தனையோ தடவை பார்த்த திருவிழாதான். கோமதியம்மன் தவம் இருந்து வேண்டியபடி, மாலையில் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். அதோடு அம்மன் திருப்தியடைந்து விடவில்லை. தனக்குரிய நாதனின் உருவத்தையும் கேட்கிறாள். இரவில் சங்கரலிங்கராக இரண்டாவது காட்சி கிடைக்கிறது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, 'பேராசைக்காரி!' என்று எண்ணிச் சிரித்தேன். பிறகு ஏனோ கண் கலங்கிற்று.

திரும்பும்போது இரண்டு முழம் பிச்சிப் பூ வாங்கினேன். அம்மா பாதியை எடுக்க வந்தாள், கொடுக்கவில்லை! வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். நரை நான் பயந்த அளவு இல்லை. பயந்ததைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது என்பதுதான் உண்மை. ஆயினும் அந்த முகத்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாதம் தினமும் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அதன் பிறகே அவருக்குப் பதில் எழுதினேன்: "தங்கள் கடிதம் கிடைத்தது. உத்தியோகத்தை விட மாட்டேன். அம்மா என்னோடுதான் இருப்பாள். சம்மதமானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்."

சனிக்கிழமையே வந்துவிட்டார்.