பனை போன இடத்தில் பனை உழவாரன்

அம்பத்தூர், ஆவடி வானத்தில் ஆண்டு முழுக்கப் பார்க்கக்கூடிய உழவாரன் பறவைகள் இரண்டு: பனை உழவாரன், நாட்டு உழவாரன். வித்தியாசம் தெரியாமல் நான் என் பறவைப் பட்டியலில் மாற்றி எழுதவில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

நாட்டு உழவாரன் கறுப்பு. இடுப்பில் வெள்ளைப் பட்டை, தொண்டையிலும் வெள்ளை, வால் குட்டை. பனை உழவாரன் ஒல்லி. உடம்பெல்லாம் ஒரே புகைப் பழுப்பு, பளிச்சென்ற வெள்ளை எங்கும் கிடையாது. வால் ஆழமாகப் பிளந்தது. ஆனால் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பதால் ஊசிபோல் தெரியும், சட்டென்று திரும்பும்போதுதான் பிளவு விரியும். புத்தகத்தில் குழப்பமே இல்லை. மாலையில் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நின்றால் இரண்டும் கறுப்பு. இடுப்பு வெள்ளை முதுகுப் பக்கம் இருப்பது. பறவை சாய்ந்து திரும்பினால்தான் கண்ணில் படும். அதற்குக் காத்திருக்க வேண்டும்.

நான் காத்திருக்கவில்லை. பறவை பார்ப்பவர்கள் பதிவுகளைப் போடும் ஈபேர்ட் தளத்தில் என் பட்டியல் நீள வேண்டும் என்ற ஆசை. 'உழவாரன், இனம் தெரியவில்லை' என்று பதியவும் அதில் இடம் உண்டு. அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஆகவே ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டேன்: பனைக்கு மேல் பறந்தால் பனை உழவாரன், கட்டடத்துக்கு மேல் பறந்தால் நாட்டு உழவாரன். கூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இது சரிதான். பனை உழவாரன் தொங்கும் ஓலையின் அடியில் பஞ்சையும் இறகையும் எச்சிலால் ஒட்டிக் கூடு செய்யும். முட்டையையும் எச்சிலாலேயே ஒட்டிவைக்கும், ஓலை எவ்வளவு ஆடினாலும் விழாது. (இதைச் சொல்லிச் சொல்லியே நான் விஷயம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கினேன்.) நாட்டு உழவாரன் கட்டட இறவாரத்திலும் பாலத்தடியிலும் கூட்டங்கூட்டமாகக் கட்டும். ஆனால் இரை தேடும்போது இந்த எல்லையெல்லாம் கிடையாது. ஈசல் கிளம்பினால் பருத்திப்பட்டு ஏரிமேல் இரண்டும் கலந்தே சுற்றும்.

இதுவரை சோம்பேறித்தனம். அடுத்தது பொய். திருமுல்லைவாயில் பக்கம் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் இருந்த பனைகளை மனை போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தபோது அங்கே வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. அதன் பிறகும் அந்த இடத்துப் பட்டியலில் பனை உழவாரனை எழுதிக்கொண்டே வந்தேன். பார்த்தேனா? சில நாள் பார்த்திருக்கலாம். பல நாள் கை பழக்கத்தில் தட்டியது. தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்ற வீம்பு.

என் சொந்த நோட்டோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2023இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பேர் ஈபேர்டில் போட்ட 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. எது குறைகிறது, எது தாங்குகிறது என்று அந்தக் குவியலில்தான் தேடுகிறார்கள். பனை போனதும் பறவையும் போயிற்றா என்று நாளை யாராவது எங்கள் பகுதியைத் தேடினால், போகவில்லை என்று என் பதிவு சாட்சி சொல்லும்.

கூட வந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருமுறை கேட்டான்: "சார், அதுல ஒண்ணுக்கு இடுப்பு வெள்ளையா தெரிஞ்சுதே?"

"வெயில் பட்டு மின்னியிருக்கும்பா" என்றேன். வெள்ளையை நானும் பார்த்திருந்தேன். அதற்குள் பனை உழவாரன் என்று உரக்கச் சொல்லி முடித்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது பழைய பட்டியல்களைத் திறந்து, வால் பற்றியோ வெள்ளை பற்றியோ குறிப்பு இல்லாதவற்றையெல்லாம் 'இனம் தெரியவில்லை' என்று மாற்றி வருகிறேன். அந்தப் பையன் கேட்ட நாளின் பட்டியலை மட்டும் தொடவில்லை. அதை அவனோடு பகிர்ந்திருந்தேன். என் கணக்கில் திருத்தினாலும் அவன் கணக்கில் இருப்பது அப்படியே நிற்கும், அவனே திருத்தினால்தான் உண்டு. அதற்கு நான் அவனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.