ஒரு மேற்கோள் குறியும் ஓர் அமானிதமும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கும் துணிச்சலில், எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு தேடல் பக்கம் செய்து தருகிறேன் என்று நூலக டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நூலின் பெயர், ஆசிரியர், வெளிவந்த ஆண்டு என்று மூன்று பெட்டிகள். தெரிந்ததை மட்டும் நிரப்பித் தேடலாம்.

முதலில் நூலின் பெயரை மட்டும் எழுதித் தேடினேன். ஒரு நூல்கூட வரவில்லை. நான் வெறுமையாக விட்ட பெட்டியை, "ஆசிரியர் பெயரே இல்லாத நூலைக் கொண்டு வா" என்று என் எஸ்.கியூ.எல். வினவல் விளங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை, மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் விற்கும் வாப்பாவின் கடையில் இருந்தேன். "மிளகு இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். எந்த ஊர் மிளகு என்று சொல்லவில்லை. வாப்பா ரத்தோட்டை மிளகையும் உக்குவளை மிளகையும் எடுத்துக் காட்டினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லாத விடயம் நிபந்தனை ஆகாது.

மூன்று பெட்டிகளை நிரப்பியும் விட்டும் தேடுவதற்கு எட்டு வழிகள் உண்டு. அதற்காக எட்டு வினவல்கள் எழுதத் தேவையில்லை. 'வெயர் 1=1' என்று தொடங்கினேன். அது எப்போதும் உண்மை. அதன் பின்னால், நிரப்பிய பெட்டிக்கு மட்டும் 'அண்ட்' போட்டு ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

காட்டிய அன்று டீச்சர் ஆங்கில எழுத்தில் 'குர்ஆன்' என்று தட்டினார். அப்படி எழுதும்போது நடுவே ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வரும். திரை முழுக்கப் பிழைச் செய்தி. "என்ன மகள் இது?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

தட்டிய சொல்லை அப்படியே கட்டளையோடு ஒட்டியிருந்தேன். எஸ்.கியூ.எல்.லில் அந்தக் குறி வந்தால் சொல் முடிந்துவிடும். மிச்சம் கட்டளையாக வாசிக்கப்படும். டீச்சர் அறியாமல் தட்டிய குறியை இன்னொருவர் வேண்டுமென்றே தட்டலாம். 2015இல் பிரித்தானியாவின் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இந்த வழியாகவே 156,959 வாடிக்கையாளரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுண் அபராதம். அந்தத் தாக்குதல் தொடர்பில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பையனுக்கு அப்போது வயது 17. என் வயது.

எங்கள் தரவுத்தளத்தில் நூல்கள் மட்டுமா இருக்கின்றன? இரவல் வாங்கும் ஒவ்வொரு மாணவியின் பெயரும் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருத்தம் சிறியதுதான். சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்தேன். தட்டிய சொல்லைத் தனிப் பட்டியலில் அனுப்பினேன். கட்டளை வேறு, சொல் வேறு. பெட்டி நிரம்பியிருந்தால் நிபந்தனையும் சேரும், அதற்குரிய சொல்லும் அதே வரிசையில் சேரும். ஒருமுறை வரிசை மாறி, ஆண்டு இருக்கும் இடத்தில் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தேன்!

மறு கிழமை டீச்சர் அதே சொல்லைத் தட்டினார். நூல்கள் வரிசையாக வந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

நம்பித் தந்த பொருள் அமானிதம் என்று சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியிருக்கிறேன். அப்போது பணமும் நகையும்தான் நினைவில் வந்தன. ஒரு தோழியின் வீட்டு இலக்கமும் அமானிதம்தான். செய்நிரல் எழுதப்போகும் தங்கைமாரே, அதை மறந்துவிடாதீர்கள்.