குட்டி யானைக் கதவில் பெயர் ஒட்டுமுன்

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதிலிருந்து பெயர்ப்பலகைகளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. வண்டியை அண்ணன் மகள் ஓட்டினாள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படித்தவள். பங்களாக்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் தோட்டம் அமைத்துத் தரும் தொழிலைத் தனியாகத் தொடங்கப்போகிறாள். பணம் புரட்டியாயிற்று, மேஸ்திரி கிடைத்துவிட்டார், பெயர்தான் அகப்படவில்லை. பெரிய இடத்து ஆட்கள் கூப்பிட வேண்டுமென்றால் பெயரில் வெளிநாட்டு வாசனை அடிக்க வேண்டும் என்று அவளுடைய ஆலோசகர் ஒருவர் சொல்லி, இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களாக ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார். அதை டேஷ்போர்டில் போட்டுவிட்டு, முதலில் சாலையைப் பார்க்கலாம் என்றேன்.

அக்கரை வரை சுமார் 10 கி.மீ. நர்சரி, தோட்டக் கம்பெனி என்று கண்ணில் பட்ட பலகைகளில் முக்கால்வாசி கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பெயரில் ‘கிரீன்’ அல்லது ‘நேச்சர்’, இரண்டும் இல்லையென்றால் ‘ஈடன்’. நீலாங்கரையில் பார்த்த ஒன்றை ஈஞ்சம்பாக்கத்தில் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்று அளவு விகிதம்கூட உண்டு. விலை உயர்ந்த இடம் என்று காட்டிக்கொள்ளும் பலகைகளில்தான் தமிழ் ஓரமாக, சுண்டுவிரல் உயரத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியைக் காயப்போட்ட நர்சரி ஒன்று சாமி பெயரில் இருந்தது. பெயின்ட் உதிர்ந்த தகரப் பலகை. வாசலில் மூன்று பெரிய கார்கள் நின்றன.

அக்கரைக்கு அப்பால் பெரிய நர்சரி ஒன்றில் இறங்கினோம். நனைந்த தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த வாடை. 6 அடி ஃபாக்ஸ்டெயில் பனை 1,800 ரூபாய். பிஸ்மார்க் பனை 9,000. மெக்சிகன் புல் சதுர அடி 25, கொரியன் புல் 35, பதித்துக் கொடுக்கத் தனிக் கூலி. செடியெல்லாம் எங்கிருந்து என்று கேட்டேன். பெரும்பாலும் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறதாம். கடலுக்குப் பக்கம் எதை வைத்தாலும் வளரும் என்றார் கடைக்காரர். அவர் பேசும்போதே பின்வரிசைப் பனைகளைப் பார்த்தேன். கடல் பக்கம் திரும்பிய ஓலைகளெல்லாம் நுனி கருகிப் பழுப்பாக நின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. யாரோ எப்போதோ வேலிக்காக நட்ட பூவரசங்கழிகள் துளிர்த்து, ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி, மஞ்சள் பூவும் வதங்கிச் சிவந்த பூவுமாக மதிலைத் தாண்டிச் சாய்ந்திருந்தன. இலையில் ஒரு கருகல் இல்லை. தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை. “பூவரசு இருக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் யாருங்க காசு குடுத்து வாங்குறாங்க?” என்றார்.

அடுத்துப் போனது உத்தண்டிப் பக்கம் சுற்றுமதிலுக்குள் இருக்கும் ஒரு பங்களா வளாகம். அங்கே அவளுக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருந்ததால் உள்ளே விட்டார்கள். விடுவதற்கு முன் செக்யூரிட்டி நோட்டில் எழுத வேண்டும். தேதி, பெயர், வண்டி எண், கம்பெனி, போகும் வீடு. கம்பெனி என்ற கட்டத்தை மேலிருந்து கீழே படித்தேன். ‘கார்டன்’, ‘புல்லு’, ‘செடி ஆள்’, மறுபடி ‘கார்டன்’. இத்தாலிய வாசனை ஒன்றுகூட இல்லை. பகல் நேரக் காவலர் நம்மூர்க்காரர். “அவங்க சொல்ற பேரு வாயில நுழையலம்மா, என்ன வேலையோ அதைப் போட்டுடுவேன்” என்றார். அவருடன் நின்ற இளைஞர் அசாம்காரர், ஆங்கிலத்தில் எழுதுவார். ஆலோசகர் தந்தவை போக அவளாகவே யோசித்து வைத்திருந்த பெயர்களை அவரிடம் சொல்லிச் சொல்லி எழுதச் சொன்னேன். அவள் நெளிந்தாள். ‘மகிழம்’ அவர் கையில் எருமையாகிவிட்டது: திருப்பிப் படித்தபோது மஹிஷம் என்றார். ‘புன்னை’ பூனையாயிற்று. பூவரசு என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். ஓர் எழுத்து கூட்டிக் குறைத்து எழுதினாலும், படிக்கும்போது பூவரசு என்றே வந்தது.

“அத்தை, அது கிராமத்துப் பேர்” என்றாள் அவள்.

வீட்டுக்கார அம்மாவின் தோட்டம் அழகுதான். கருங்கல் பாவிய நடைபாதை, நடுவே தாமரைத் தொட்டி, புல்லில் ஒரு களை கிடையாது. யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டதும், பெரிய கம்பெனி, ரொம்பப் பிரபலம் என்றார். பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டது. போனை எடுத்துத் தேடினார். எட்டிப் பார்த்தேன். ‘கார்டன் சார் புதுசு’ என்று பதிந்து வைத்திருந்தார். அதற்கு மேலேயே ‘கார்டன் சார் பழசு’. இரண்டு கம்பெனிகளும் லோகோவுக்கு எவ்வளவு செலவழித்தார்களோ!

திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் கடை. மரமும் உரமும் ஏற்ற அவள் வாங்கியிருக்கும் குட்டி யானைக்குக் கதவெழுத்து போட வேண்டும். ஒரு கதவுக்கு 350 ரூபாய், தங்க நிறம் என்றால் 500. பெயர் நீண்டால் எழுத்து சிறுக்கும், கதவின் அகலம் கூடப்போவதில்லை என்றார் கடைப் பையன். ஆலோசகர் பட்டியலில் ஒன்றையும் பூவரசையும் காகிதத்தில் அச்சடித்து, கடை வாசலில் நின்ற வண்டியின் கதவில் ஒட்டச் சொன்னேன். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்றுகொண்டேன். கடப்பதற்கே ஐந்து நிமிடம் ஆயிற்று, அவ்வளவு போக்குவரத்து. ஆலோசகர் தந்த பெயர் அவர் விரும்பிய மெல்லிய சாய்வெழுத்தில் வெறும் கோடாகத்தான் தெரிந்தது. பூவரசைத் தடித்த தமிழ் எழுத்தில், பேருந்து மறைத்து விலகும் இடைவெளியில்கூடப் படித்தேன். அவளும் வந்து நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்பிப் போனதும் பூவரசுக் காகிதத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து கிண்டி. ஜி.எஸ்.டி. சாலையில் டிரேட்மார்க் அலுவலகம் இருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தோம். அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பெயர் தேடலாம். எழுத்தை வைத்தும் தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். ‘கிரீன்’ என்று தட்டிக் காட்டினார், பக்கங்கள் முடிவில்லாமல் ஓடின. பூவரசுக்கு அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. தோட்ட வடிவமைப்பும் பராமரிப்பும் 44-ஆம் வகுப்பு, உயிருள்ள செடிகள் 31. செடி விற்கிற கடைக்கு மரத்தின் பெயருக்கே உரிமை கேட்டால், விற்கும் பொருளைத்தானே சொல்கிறீர்கள் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டித் தடுப்பார்கள். தோட்டம் அமைத்துத் தருவதற்கு என்றால் வாதாட இடம் இருக்கிறது. எனவே 44 மட்டும். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். பரிசோதனை முடிந்து டிரேட்மார்க் இதழில் வெளியான பிறகு, யாராவது எதிர்க்க நான்கு மாத அவகாசம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

காகிதத்தை விரித்துப் பார்த்தவர் ஓரத்தில் விரலை வைத்தார். பெயருக்கு மேலே வட்டத்துக்குள் ஆர் என்ற குறி. பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது குற்றம், இப்போதைக்கு டி.எம். என்று மட்டும் போடலாம் என்றார். அவள் உடனே ஸ்டிக்கர் கடைக்குப் போன் போட்டு, அந்த வட்டத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

“அது சும்மா டிசைனுக்குக்கா,” என்றான் பையன், “எல்லாருக்கும் போட்டுத்தான் குடுக்குறோம்.”