பிறவிக் கட்டியும் பெற்றவள் மேல் பழியும்



வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கிராமங்களிலும், போடிமெட்டு ஏறி இடுக்கியின் ஏலத்தோட்ட லயங்களிலும் வீட்டு ஜெபங்களுக்குச் செல்லுகையில் ஒரு கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன்: "ஐயா, பிள்ளையின் கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. இது யார் விட்ட சாபம்?" கேட்கிறவள் பெரும்பாலும் தாய். கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள் என்று வீட்டார் ஏற்கெனவே பழி சுமத்தியிருப்பார்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இப்படியே கேட்டார்கள். அவனும் காரணமல்ல, பெற்றோரும் காரணமல்ல என்றே ஆண்டவர் உணர்த்தினார். மருத்துவமும் தாயைக் குற்றப்படுத்தவில்லை. கருவின் ஆரம்ப வாரங்களில் தைராய்டு சுரப்பி நாவின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. இறங்கிய பாதை மறையாமல் எஞ்சினால் அங்கே நீர்க்கட்டி உண்டாகலாம். அது நடுக்கழுத்தில் இருக்கும். நாவை நீட்டினால் மேலே ஏறும். கழுத்தின் பக்கவாட்டில் வருவது வேறு வகை. காதுக்கு முன் காணப்படும் ஊசித்துளையோ, செவிமடலை உருவாக்கும் ஆறு சிறு மேடுகள் சரியாக இணையாததால் நேர்வது. தொந்தரவு தராத துளைக்குச் சிகிச்சையே தேவையில்லை.

சீழ் பிடித்தாலோ, பச்சிலைப் பற்றுப் போடுவதும் பிதுக்குவதும் கூடாது. முதலில் மருந்தினால் சீழை ஆற்றி, பின்பு அறுவை செய்வார்கள். நடுக்கழுத்துக் கட்டியை மட்டும் அகற்றினால் அது பலருக்குத் திரும்ப வரும். ஆகவே நாவடி எலும்பின் நடுப்பகுதியையும், நாவின் அடிவரை செல்லும் பாதையையும் சேர்த்து எடுக்கும் முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் சிஸ்ட்ரங்க் 1920இல் வெளியிட்டார். இன்றும் அதுவே முறை. அறுவைக்கு முன் ஸ்கேன் அவசியம். ஏனெனில் அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் கட்டியில் இருப்பதே உடலின் ஒரே தைராய்டு.

நாற்பது வயதுக்கு மேல் கழுத்தில் புதிதாய்த் தோன்றும் கட்டியைப் பிறவிக் கட்டி என்று எண்ணி வாளாவிருக்கவும் வேண்டாம். அது புற்றுநோயா என்று பரிசோதிக்கவேண்டும்.

"விசுவாசம் இருந்தால் கத்தி எதற்கு?" என்பார் உண்டு. பவுலின் பிரியமான உடன் ஊழியன் லூக்கா வைத்தியனே. கழுத்தைத் துப்பட்டாவால் மூடியே மூன்று ஆண்டுகள் பள்ளி சென்ற ஒரு மகளை அறிவேன். ஜெபித்தோம், தேனிக்கு அழைத்துச் சென்று அறுவையும் செய்வித்தோம். இரண்டிற்காகவும் அவள் தாய் ஸ்தோத்திரம் செலுத்தினாள்.

பட்டணத்தில் பிழைக்கும் சகோதரரே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், தாயின் மேலுள்ள பழியை நீக்குங்கள்.