ஒரு ஜூல்தானே!

ஆவடியில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வேகமாக நடக்கிறார் அந்த 24 வயதுப் பெண். அவருடைய வேலை, இரும்பை உடைப்பது!

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று அத்தை கேட்டார். "எண்ணூர்ல இருந்து கேஸ் ஊர் ஊரா ஸ்டீல் குழாய்லதான் போகுது அத்தை. அது தாங்குமான்னு யாராவது பார்க்கணும்ல?" என்றார் இவர். எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் 2019-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் குழாய்ப்பாதை திருவள்ளூர் மாவட்டம் வழியாகத்தான் செல்கிறது.

வலுவான ஸ்டீல் எல்லாம் நல்ல ஸ்டீல் இல்லை. கண்ணாடியும் கெட்டிதான், சின்னக் கீறல் விழுந்தால் படக்கென்று உடைந்துவிடும். மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் கீறலோ வெல்டிங் குறையோ இருக்கலாம். அது பரவாமல் ஸ்டீல் இழுத்துப் பிடிக்கிறதா என்பதே கேள்வி.

அதற்குத்தான் சார்பி சோதனை. 55 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்டீல் துண்டு. நடுவே 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிரவைத்து எடுத்த 5 விநாடிக்குள், ஊஞ்சல்போல வரும் சுத்தியல் 'டங்' என்று அடிக்கும். உடைய எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதே மதிப்பெண். பல வகைக் குழாய்களுக்கு மூன்று துண்டுகளின் சராசரி குறைந்தது 27 ஜூல் வேண்டும். ஒரு கிலோ அரிசியைச் சுமார் 2.75 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது.

அன்று வந்தவை 28, 26, 24. சராசரி 26.

மாலையே போன் வந்தது. "ஒரு ஜூல்தானேம்மா... 27-னு போட்டுடுங்க. லாரி காத்துட்டு இருக்கு."

அவருக்கு 2014 ஜூன் 27 ஞாபகம் வந்தது. ஆந்திராவின் நகரம் கிராமத்தில், விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாள். அங்கே காரணம் அரிப்பு. இந்தச் சோதனை இல்லை. ஆனால், குழாய்க்குப் பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன என்பது எங்கேயும் ஒன்றுதான்.

"வேற துண்டு வெட்டி அனுப்புங்க சார், மறுபடி டெஸ்ட் பண்ண விதி இருக்கு. நம்பரை மாத்த விதி இல்லை" என்றார்.

எதிர்முனையில் போன் 'டொக்'கென்று வைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற மேலாளர் எதுவும் பேசவில்லை. 26 என்று எழுதிய அறிக்கையை வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.